தகரப் பெட்டிக்குள் வெயில்

டிசம்பர் 4

அக்காவுக்கு,

போனில் நீ கேட்டதற்கெல்லாம் நான் "ம்" என்று மட்டும் சொன்னேன் என்று கோபப்பட்டாய். எனக்குப் போனில் பேச வராது. எழுதினால் வரும். அதனால் எழுதுகிறேன்.

குளிர்கால வேலைகள் முடிந்துவிட்டன. அம்மா அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்துவிட்டுப் போன பட்டியலை ஒரு வரி விடாமல் பார்த்துச் செய்தேன். போர்வைகளை உதறி வெயிலில் போட்டேன். ஸ்வெட்டர்களைத் துவைத்தேன். ஜன்னல் இடுக்குகளில் பசை தடவிக் காகிதம் ஒட்டினேன். பரணில் இருந்து ஹீட்டரை இறக்கித் துடைத்தேன். டிசம்பர் முதல் தேதி ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் ஹீட்டரைச் செருகினேன். அந்தச் சுவரில் இருப்பதே ஒரு பிளக் பாயிண்ட்தானே. பால், வெண்ணெய், முட்டை எல்லாம் வழக்கம்போல நம் குளிர்கால ஃபிரிட்ஜான, ஜன்னலுக்கு வெளியே உள்ள தகரப் பெட்டிக்குப் போய்விட்டன. பட்டியலின் கடைசி வரி மட்டும் உன் கையெழுத்து. "அப்பாவின் ஊசி மருந்தும் பெட்டிக்குள். கம்பளிக் காலுறையில் சுற்று." சுற்றினேன். மார்ச் வரைக்கும் மருத்துவமனையில் கொடுத்த பாட்டில்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன.

பெட்டி ஆடுகிறதா என்று அப்பா தட்டிப் பார்த்தார். "அவ முடுக்குன நட்டு. யானை வந்து இழுத்தாலும் வராது" என்றார். நீ போனதற்குப் பிறகு உன்னைப் பற்றி அவர் வாயில் வந்தது அது ஒன்றுதான்.

ஆனால் குளிர்தான் இன்னும் வரவில்லை. போன வருடம் இந்த நாளில் பெட்டிக்குள் பால் உறைந்து கிடந்தது. இப்போது எதிர்வீட்டுப் பிள்ளைகள் சட்டை இல்லாமல் பந்து விளையாடுகிறார்கள். கொசு வந்துவிட்டது. எல்லோரும் கொடுத்துவைத்த குளிர்காலம் என்கிறார்கள். ஹீட்டரை இதுவரை ஒருமுறைகூடப் போடவில்லை.

அப்பாவின் கால் புண் அப்படியே இருக்கிறது. வியாழக்கிழமை கட்டு மாற்ற வந்த நர்ஸ் அக்கா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது என்றார்.

சுண்டெலி

*

டிசம்பர் 10

சுண்டெலிக்கு,

சர்க்கரை தானாக எப்படி ஏறும்? கால் முளைத்து ஏறுமா? யாரோ ஏற்றுகிறார்கள். அந்த யாரோவுக்கு மீசை இருக்கும், பஸ் ஓட்டிய காலத்தில் டீக்கு நாலு கரண்டி போட்டுக் குடித்த பழக்கமும் இருக்கும்.

நான் அங்கே இருந்தபோது சர்க்கரை டப்பாவை அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைப்பேன். நீ மேசைமேலேயே வைத்திருப்பாய், எனக்குத் தெரியும். நாளைக்கே பூட்டுப் போடு. அம்மாவின் தகர டப்பா இருக்கிறதே, கொக்கி வைத்தது, அதில் கொட்டிப் பூட்டி, சாவியைக் கழுத்தில் போட்டுக்கொள். அவர் கெஞ்சுவார். முகத்தைப் பாவமாக வைத்துக்கொள்வார். நீ உருகிவிடாதே. காலில் புண் இருக்கும்போது சர்க்கரை ஏறினால் என்ன ஆகும் என்று பெரிய டாக்டர் சொன்னபோது நீயும்தான் பக்கத்தில் இருந்தாய்.

இங்கே எனக்கு நல்ல வேலை. ஒரு நாளைக்கு எத்தனை குளிர்கோட்டுக்கு ஜிப் வைக்கிறேன் தெரியுமா? விரல் நுனியெல்லாம் ஊசிக் குத்து. கோட்டு மலை மாதிரி குவிந்து கிடக்கிறது.

சொன்னதை மறக்கவில்லை. இந்தக் குளிர்காலம் முடிந்ததும் வருவேன், நீ மறுபடி பள்ளிக்கூடம் போகலாம்.

அக்கா

*

டிசம்பர் 21

அக்காவுக்கு,

பூட்டிவிட்டேன். சாவி ஒரு கறுப்புக் கயிற்றில் கழுத்தில் கிடக்கிறது. அப்பா அதைப் பார்த்தார். "என்னம்மா, கண்டக்டர் விசில் மாதிரி தொங்குது?" என்று சிரித்தார். அவருக்கே புரிந்துவிட்டது. சிரிப்பு பாதியில் நின்றது.

"நான் எடுக்கலம்மா" என்றார்.

கெஞ்சவில்லை, நீ சொன்ன மாதிரி முகத்தைப் பாவமாக வைத்துக்கொள்ளவும் இல்லை. அந்த நாலு வார்த்தையைக்கூட ஏதோ அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்வது மாதிரித்தான் சொன்னார். நாலு வார்த்தை இல்லை, இரண்டு. எண்ணிப் பார்த்தேன்.

பூட்டி ஒரு வாரமாகிறது. சர்க்கரை இன்னும் ஏறியிருக்கிறது. நர்ஸ் அக்கா என்னைத் தனியாகச் சமையலறைக்குக் கூப்பிட்டு, "ஊசி நேரத்துக்குப் போடுறியா?" என்று கேட்டார். தலையாட்டினேன். "அப்ப வீட்டுல யாரோ ஏமாத்துறாங்க, பாப்பா" என்றார். டாக்டரிடம் போனில் கேட்டு, மருந்தின் அளவைக் கூட்டி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். போகும்போது, "எப்பவாவது வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறுச்சுன்னா உடனே சர்க்கரைத் தண்ணி குடுக்கணும், தெரியும்ல?" என்றார். அப்பாவுக்குக் குறைகிற நாளும் வருமா என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டு வேலையும் கெட்டுக்கொண்டே போகிறது. காய்ச்சிய பால் மதியத்துக்குள் திரிந்துவிடுகிறது. பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்தும் திரிகிறது. வெண்ணெய் தண்ணீராக ஓடுகிறது. அம்மா உயிரோடு இருந்தால், கையைக் கழுவாமல் தொட்டிருப்பாய் என்பாள். இப்போது ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கை கழுவுகிறேன். ஜன்னல் எல்லாம் காகிதம் ஒட்டி மூடியிருப்பதால் வீட்டுக்குள் ஒரே புழுக்கம். காகிதத்தைக் கிழிக்க மனசு வரவில்லை. பட்டியலில் பிப்ரவரி கடைசியில்தான் கிழிக்கச் சொல்லியிருக்கிறது.

பள்ளிக்கூடத்தைப் பற்றி அடுத்த தடவை எழுதுகிறேன்.

சுண்டெலி

*

டிசம்பர் 28

சுண்டெலிக்கு,

"நான் எடுக்கல" என்று சொன்னால் விட்டுவிடுவதா? எடுத்தவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். வெளியே யாராவது வாங்கிக் கொடுப்பார்கள். கீழ்வீட்டுத் தையற்கார அத்தையைக் கேள். அந்த அம்மா இளகிய மனசுக்காரி, பிஸ்கெட்டை நூல் டப்பாவில் ஒளித்துக் கொடுத்தாலும் கொடுப்பாள். அப்பாவுடன் வேலை பார்த்த மெக்கானிக் மாமா வருகிறாரா? அவர் சட்டைப் பையைப் பார். தலையணைக்கு அடியில் பார். சட்டையைத் துவைக்கும் முன் உதறு, எறும்பு வருகிறதா பார்.

உனக்கு வெட்கம் என்பது எனக்குத் தெரியும். கேட்கத் தெரியாவிட்டால் சீட்டில் எழுதிக் கொடு, மருந்துக்கடையில் கொடுப்பாயே அந்த மாதிரி. ஆனால் கேள். உன் வெட்கத்துக்கு அப்பாவின் காலை விலையாகக் கொடுக்க முடியாது.

பால் திரிந்தால் பாத்திரத்தில்தான் கோளாறு. வேறு பாத்திரம் மாற்று.

இங்கேயும் குளிர் இல்லை. சூப்பர்வைசர் நாளுக்கு மூன்று தடவை வாசலில் போய் நின்று வானத்தைப் பார்த்துவிட்டு வருகிறார், கல்யாண வீட்டுக்காரர் மழையைப் பார்க்கிற மாதிரி. நாங்கள் சிரித்துக்கொள்கிறோம்.

அக்கா

*

ஜனவரி 9

அக்காவுக்கு,

நீ சொன்ன எல்லாவற்றையும் செய்தேன். தலையணையைப் பிரித்துப் பார்த்தேன். சட்டையை உதறினேன். அவர் மதியம் தூங்கும்போது விரலை மோந்து பார்த்தேன். சோப்பு வாசனைதான் வந்தது. தலையைத் தூக்கினால் அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தையற்கார அத்தைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். அத்தை படித்துவிட்டு, "என்னடி இது, போலீஸ் நோட்டீஸ் மாதிரி? உங்கப்பன் மாடிப்படி இறங்கியே ரெண்டு மாசமாச்சு, நான் எங்க போய் ஊட்டிவிடுறது?" என்று சத்தம் போட்டுச் சிரித்தார். அங்கே துணி தைக்க வந்திருந்த நாலு பேரும் சிரித்தார்கள். சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு படியேறி வந்துவிட்டேன்.

புண் இப்போது சுண்டுவிரலில் இருந்து அடுத்த விரலுக்குப் பரவியிருக்கிறது. நிறம் மாறிவிட்டது. மருந்தை இரண்டாவது தடவையும் கூட்டிவிட்டார்கள். டிசம்பரில் போட்டதைப் போல இரண்டு மடங்கு போடுகிறேன். இந்த மாதக் கடைசியில் பெரிய டாக்டர் பார்ப்பார். சர்க்கரை இறங்காவிட்டால் விரலோடு நிற்காது, கணுக்கால் வரை எடுக்க வேண்டியிருக்கும் என்று நர்ஸ் அக்கா சொன்னார். அப்பாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "பிரேக்குல வைக்கிற கால், பாத்துக்குங்க" என்றார். நர்ஸ் அக்கா சிரிக்கவில்லை.

நீ தூரத்தில் உட்கார்ந்துகொண்டு இதைச் செய், அதைச் செய் என்று எழுதுகிறாய். அவர் முகத்தை நான்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. நீ சண்டை போட்டுவிட்டுக் கிளம்பினாய். மறுநாளே நான் பள்ளிக்கூடத்தில் இருந்து நின்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இதை எழுத வேண்டாம் என்று இரண்டு தடவை கிழித்துப் போட்டேன். மூன்றாவது காகிதத்திலும் இதே வருகிறது.

*

ஜனவரி 15

சுண்டெலிக்கு,

கீழே கையெழுத்துக்கூடப் போடவில்லை நீ.

நான் ஊர் சுற்றப் போகவில்லை. "இந்த வாசலைத் தாண்டினா திரும்பி வராதே" என்று சொன்னது யார் என்று உனக்கு நினைவிருக்கும். கதவுக்குப் பின்னால்தான் நின்றாய். அப்போதும் ஒரு வார்த்தை பேசவில்லை.

நீ சொல்வது சரிதான். உன்னைக் கேட்டிருக்க வேண்டும்.

மாதக் கடைசிக்குள் எப்படியாவது சர்க்கரை இறங்க வேண்டும்.

அக்கா

*

ஜனவரி 20

அக்காவுக்கு,

அப்பா உயிரோடு இருக்கிறார். முதலில் அதைப் படித்துவிட்டு மற்றதைப் படி.

அளவைக் கூட்டியதால் பாட்டில்கள் சீக்கிரம் தீர்ந்தன. மார்ச் வரை வரவேண்டியதில் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதுவும் நேற்றுக் காலை கை தவறிச் சிங்க்கில் விழுந்து உடைந்தது. ஓடிப்போய் மருந்துக்கடையில் சீட்டைக் கொடுத்துப் புதுப் பாட்டில் வாங்கி வந்தேன். கையில் பிடிக்க முடியாத அளவு சில்லென்று இருந்தது. எட்டரை மணிக்கு ரொட்டி கொடுத்துவிட்டு, அதே இரண்டு மடங்கு அளவு போட்டேன்.

பத்து மணி இருக்கும். தரை துடைத்துக்கொண்டிருந்தேன். அப்பா, "ஏன் வண்டி இப்படி ஆடுது?" என்றார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் சட்டை முழுக்க நனைந்திருந்தது. கை தானாக ஆடிக்கொண்டிருந்தது. கண் என்னைப் பார்க்கவில்லை.

எனக்கு நர்ஸ் அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது. டப்பாவை எடுத்தேன். சாவி பூட்டுக்குள் போகவில்லை. கயிற்றைக் கழற்ற முடியாமல், கழுத்தில் கிடந்த சாவியோடு குனிந்து, டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் திறந்தேன். தம்ளரில் கரைத்துக்கொண்டு போய் வாயருகே வைத்தேன்.

அவர் வாயை மூடிக்கொண்டார், அக்கா. பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினார். "நான் எடுக்கல" என்றார். "நான் எடுக்கலம்மா, எடுக்கல." சோதித்துப் பார்க்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

ஜன்னலுக்கு ஓடினேன். திறக்கவில்லை, நான் ஒட்டிய காகிதம்தான். நகத்தால் கிழித்தேன். திறந்து கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. அத்தை கழுத்தில் அளவு டேப்போடு ஓடிவந்தார். அத்தை அப்பாவின் தாடையைப் பிடித்துக்கொள்ள, நான் கரண்டி கரண்டியாக ஊற்றினேன். பாதி சட்டையில் போனது. கொஞ்ச நேரத்தில் அப்பா என்னை அடையாளம் கண்டுகொண்டார். "எந்த ஸ்டாப்பு இது?" என்று கேட்டார். அத்தை அழுதுகொண்டே, "உங்க வீட்டு ஸ்டாப்புதான், எறங்க வேணாம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இந்தத் தொண்டைய எங்கடி வச்சிருந்த இத்தன வருஷமா?" என்றார்.

நர்ஸ் அக்கா மதியம் வந்தார். இன்றைக்கு எதை மாற்றிச் செய்தாய் என்று கேட்டார். புதுப் பாட்டில் என்றேன். "பழசெல்லாம் எங்க வச்சிருந்த?" ஜன்னலைக் காட்டினேன். பெட்டியின் மூடியில் கை வைத்தவர் சட்டென்று எடுத்துக்கொண்டார். மதிய வெயில் நேராக அதன்மேல்தான் விழுகிறது. "இது பெட்டியா, இஸ்திரிப் பெட்டியா?" என்றார். உள்ளே முட்டையும், திரிந்த பாலும், காலியான கம்பளிக் காலுறையும் இருந்தன.

மருந்து சூட்டில் கெட்டுப்போயிருக்கிறது. புதுப் பாட்டிலை நர்ஸ் அக்கா அத்தை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டார். டிசம்பரில் இருந்து நான் அவருக்குப் போட்டது வெறும் தண்ணீர் மாதிரிதான். அது கேட்காததால் அளவைக் கூட்டிக்கொண்டே போனோம். நேற்றுத்தான் நல்ல மருந்து உடம்புக்குள் போனது, அதுவும் இரண்டு மடங்கு.

அந்தச் சுவரைப் பார்த்தேன். ஹீட்டரின் வயர் பிளக் பாயிண்டில் செருகியிருக்கிறது. ஒரு நாள்கூட ஸ்விட்சைப் போடவில்லை. ஃபிரிட்ஜின் வயர் பக்கத்திலேயே சுருண்டு கிடக்கிறது. தினமும் அந்த இடத்தைப் பெருக்கியிருக்கிறேன்.

பால் திரிந்தபோதே தெரிந்திருக்க வேண்டும். கை கழுவிக்கொண்டிருந்தேன்.

கடைசி வரியை எழுதியது யார் என்று யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடம் இன்னும் எதையுமே சொல்லவில்லை.

சுண்டெலி

*

ஜனவரி 25

சுண்டெலிக்கு,

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றுகொண்டு படித்தேன். தொழிற்சாலைச் சமையலறை இல்லை, விடுதிச் சமையலறை. தொழிற்சாலையை டிசம்பர் பாதியிலேயே மூடிவிட்டார்கள். இந்தச் சூட்டில் யார் கோட்டு வாங்குவார்கள்? மலை மாதிரி குவிந்து கிடந்தது, விற்காமல். நான் இங்கே காய் நறுக்கிக்கொண்டு, தங்க இடம் வாங்கிக்கொண்டு இருக்கிறேன். ஊருக்குத் திரும்ப எனக்கு வாசல் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் சூப்பர்வைசர் வானத்தைப் பார்க்கிறார் என்று உனக்குப் பொய் எழுதினேன்.

இரண்டு மாதமாகக் குளிர் இல்லை, குளிர் இல்லை என்று எனக்குத்தான் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். என் வேலையே அதனால்தான் போனது. அப்போதும் அந்தப் பெட்டி என் நினைவுக்கு வரவில்லை. சட்டைப் பையைப் பார், தலையணைக்கு அடியில் பார் என்று எழுதிக்கொண்டிருந்தேன். விரலை மோந்து பார்க்கச் சொல்லவில்லை என்று நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. நான் எழுதிய எழுத்துதான் உன்னை அங்கே கொண்டுபோய் விட்டது.

அந்த வரி என்னுடையது. அம்மாவின் பட்டியல் என்பதால் நீ அதை நம்பினாய். அம்மா எழுதிய வரிகளுக்குக் கீழே, அவளைக் கேட்காமல், அவளே சொன்ன மாதிரி நான் எழுதினேன். அப்பாவிடம் அதைச் சொல். நான் எழுதினேன் என்று சொல். நீ சுமக்காதே.

விரல் என்ன ஆனது என்று உடனே எழுது. ஒரு வரி போதும்.

அக்கா

*

பிப்ரவரி 7

அக்காவுக்கு,

இரண்டு விரல் போய்விட்டது. பாதம் தப்பிவிட்டது. சர்க்கரை இறங்கியிருக்கிறது, தையல் காய்ந்துகொண்டு வருகிறது. பெரிய டாக்டர், இன்னும் இரண்டு வாரம் இப்படியே போயிருந்தால் என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். டிசம்பரிலேயே தெரிந்திருந்தால் அந்த இரண்டு விரலும் இருந்திருக்கும். அதையும் உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

மருத்துவமனையில் இருந்து வீட்டுக்கு வந்த அன்று அப்பாவிடம் சொன்னேன். எழுதிக் கொடுக்கலாம் என்று சீட்டு எழுதி வைத்திருந்தேன். கொடுக்கப் போய், கொடுக்காமல், வாயால் சொன்னேன். ஹீட்டர், ஃபிரிட்ஜ், பெட்டி, வெயில், கடைசி வரி நீ எழுதியது, அதைக் கண்ணை மூடிக்கொண்டு நான் செய்தது, எல்லாம். விரலை மோந்து பார்த்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் வாயால் சொல்லவில்லை. கழுத்தில் இருந்த சாவியைக் கழற்றி அவர் மடியில் வைத்தேன்.

அவர் சாவியை எடுத்து, கயிற்றை விரலில் சுற்றினார்.

"நாலு தடவ சொன்னேன்" என்றார். "அஞ்சாவது தடவ சொல்லத் தோணலம்மா. ஒருவேளை நானே தூக்கத்துல எடுத்துத் திங்கிறேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு."

நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை இல்லாமல்தான். "இன்னிக்கு டீ நல்லாருக்கு" என்றார். பொய். பால் லேசாகத் திரிந்திருந்தது, எனக்கும் தெரியும்.

மறுநாள் ஜன்னல் காகிதத்தை எல்லாம் கிழித்துவிட்டேன். ஹீட்டரைப் பரணில் ஏற்றி, ஃபிரிட்ஜைச் செருகினேன். அது பழைய லாரி மாதிரி உறுமுகிறது. பட்டியலில் "டிசம்பர் முதல் தேதி" என்று அம்மா எழுதிய இடத்தில், பக்கத்திலேயே பென்சிலால், "முதலில் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்க்கவும்" என்று எழுதினேன். உன் வரியை அடிக்கவில்லை. நீ வந்து அடி.

பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதுகிறேன் என்று சொன்னேனே. போவேனா என்று தெரியவில்லை. எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்கள் என்ற பயம் இன்னும் இருக்கிறது. ஆனால் கத்த முடிகிறது என்று தெரிந்துவிட்டது.

நேற்று அப்பா நொண்டிக்கொண்டே ஜன்னலுக்குப் போய் அந்தப் பெட்டியைக் கழற்றப் பார்த்தார். ஸ்பேனரைப் போட்டுத் திருகினார். மெக்கானிக் மாமாவும் வந்து திருகிப் பார்த்தார். எண்ணெய் விட்டார்கள். அத்தைகூட, "தள்ளுங்க, நான் பாக்குறேன்" என்று புடவையைச் செருகிக்கொண்டு வந்தார். நட்டு அசையவில்லை. எல்லோரும் போன பிறகு அப்பா ஸ்பேனரை ஜன்னல் விளிம்பிலேயே வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"முடுக்குனவளே வந்து கழட்டட்டும்னு எழுது."

எழுதிவிட்டேன். ஸ்பேனர் அங்கேயேதான் இருக்கிறது.

சுண்டெலி